நின்ற காரும் எண்ணெய் குடிக்கும்

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. பட்டர்வொர்த்தில் பெட்ரோல் போடுகிற ஓர் எண்ணெய் நிலையம். கார் கழுவும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். கையில் இலவசக் கோப்பி, ஆளுக்கு உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த இரண்டு கறிபாப். எதிரே ஒரு வெள்ளைப் பலகை. அதில் பெரிய எழுத்தில், 'எண்ணெயைக் குறைப்பது எப்படி?'

எழுதியது யார் தெரியுமா? எண்ணெய் விற்கிற கம்பெனி!

எனக்கு இது பிடிபடவே இல்லை. பசாரில் மீன் விற்கிறவர் நம்மைக் கூப்பிட்டு, "அக்கா, வாரத்துக்கு ஒரு நாள் மீன் வாங்கினா போதும்" என்று சொல்வாரா? நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர், "அண்ணே, கறியைக் குறைச்சு ஊத்திக்குங்க" என்று கரண்டியைப் பின்னுக்கு இழுப்பாரா?

மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் கையைத் தூக்கிக் கேட்டேவிட்டேன்.

வகுப்பு நடத்த வந்திருந்தவர் ரொஹானி என்ற மலாய்ப் பெண். முப்பது வயதிருக்கும். என் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "குறைச்சே போடுங்க அக்கா. ஆனா, போடுற அந்தக் கொஞ்சத்துக்கும் எங்க ஸ்டேஷனுக்கே வாங்க" என்றார் மலாயில்.

நேர்மையான பதில்தான். நான் கறிபாப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் எதற்கு அங்கே போனேன்? உங்களுக்காகத்தான். வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தை நிரப்ப வேண்டியவளுக்கு, எழுத ஒரு விஷயமும் கொடுத்துக் கோப்பியும் கொடுக்கிறார்கள் என்றால் விடுவேனா? ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கார். அதை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர் சேவியர். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்கு வேலை. தினமும் காரில் கடல் பாலம் கடந்து எதிரே இருக்கிற தீவுக்குப் போய் வருகிறார். எனக்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் ஒன்பது மணிக்கு வேலை. நான் ஃபெரிப் படகில் போய் ஃபெரியில் திரும்புகிறவள்.

அதனால் கார் அவருடையது, பெயர் கொடுத்தது நான், ரிப்போர்ட் வரவேண்டிய போன் நம்பரும் என்னுடையது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வினையே இங்கேதான் ஆரம்பித்தது.

ரொஹானி சொல்லிக்கொடுத்ததெல்லாம் எளிமையான விஷயங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தாலே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்பெட்டியில் வீண் சுமை வேண்டாம் — கூட வந்திருந்த சேவியர் அங்கேயே போய்த் திறந்து பார்த்தார், மூன்று குடை, இரண்டு மடக்கு நாற்காலி, எங்கள் காருக்கே பொருந்தாத ஒரு ஜாக்கி! கடைசியாக, நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜினை ஓட விடாதீர்கள். "வண்டி ஒரு அடிகூட நகராது, எண்ணெய் மட்டும் போய்க்கிட்டே இருக்கும்" என்றார் ரொஹானி. சேவியர் அப்போது காலி கோப்பிக் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகினார்கள். ஒரு மாதம் இருக்கும். எப்படி ஓட்டுகிறோம், எங்கே நிற்கிறோம், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ரிப்போர்ட் வரும்.

முதல் ரிப்போர்ட் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து திறந்தேன்.

திடீர் பிரேக்: மிகக் குறைவு. வேகம்: நன்று. பிறகு சிவப்பு நிறத்தில் ஒரு வரி. வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடிய நேரம்: திங்கள் நாற்பத்தொரு நிமிடம். செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் நாற்பத்து நான்கு...

பாலத்தில் ஜாமாக இருக்கும் என்று நினைத்தேன். அவரும் தினமும் அதைத்தானே சொல்கிறார்? ஆறே முக்கால், ஏழு மணிக்கு வீட்டுக்குள் வரும்போதே, "பாலத்துல ஜாம்" என்பார். நானும் கோப்பியை நீட்டுவேன்.

ரிப்போர்ட்டில் ஒரு வரைபடமும் இருந்தது. விரலால் விரித்துப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி பாலத்தில் இல்லை. பாலத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் இருக்கிற கார் நிறுத்துமிடத்தில் இருந்தது. ஐந்து நாளும் அதே இடம். மாலை ஆறு மணியிலிருந்து முக்கால் மணி நேரம்.

வீட்டுக்குக் கீழேயே வந்து நின்றுகொண்டு, பாலத்தில் ஜாம் என்று சொல்கிறார் ஒரு மனிதர்.

சந்தேகப்பட்டேனா? பட்டேன். உங்களிடம் எதற்குப் பொய்? கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆனாலும், மனசு போகிற போக்கு போகத்தானே செய்கிறது? யாரோடு பேசுகிறார்? நாற்பது நிமிடம் பேச அப்படி என்ன இருக்கிறது? என்னிடம் நாலு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாச்சு?

மறுநாள் மாலை ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக அடுப்படி ஜன்னலுக்குப் போனேன். நாங்கள் இருப்பது பன்னிரண்டாவது மாடி. அங்கிருந்து பார்த்தால் பின்பக்கக் கார்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக அவருடைய இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்டீயரிங் மேல் இருந்தன. போன் இல்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

நகராத காரை ஓட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

மேலே வந்தபோது கேட்டேன். "இன்னைக்கும் ஜாமா?"

"ஆமா லா. பாலத்துல."

கோப்பியை நீட்டினேன். சந்தேகம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு பயம் வந்துவிட்டது. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? இரவெல்லாம் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

புதன்கிழமை கீழே இறங்கிப் போனேன்.

எங்கள் பிளாக்கின் கீழ்த்தளம் வெறும் தூண்கள்தான், சுவர் கிடையாது. முன்பக்கம் லிஃப்ட். லிஃப்டுக்குப் பக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு காய்கறி வேன் வந்து நிற்கும். வேனைச் சுற்றிப் பெண்கள். நடுவில் லெட்சுமி அக்கா.

லெட்சுமி அக்கா ஒன்பதாவது மாடி. சேவியர் வேலை பார்க்கிற அதே ஃபேக்டரியில், அவர் பார்த்துக்கொள்கிற லைனிலேயே மெஷின் ஓப்பரேட்டர். ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேரே வேனுக்குத்தான் வருவார். ஒவ்வொரு வெண்டிக்காயையும் தனித்தனியாக விசாரித்துத்தான் எடுப்பார். தனக்கு மட்டுமில்லை, பாதி பிளாக்குக்கும் அவர்தான் பொறுக்கிக் கொடுப்பார்.

"ஸ்டெல்லா! கத்தரிக்கா நல்லாருக்கு, எடுத்து வைக்கவா?" என்று கூப்பிட்டார்.

"வைங்க அக்கா, இந்தா வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, தூண்களுக்கு நடுவே பின்பக்கம் நடந்தேன். காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

சேவியர் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார். கதவைத் திறந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தேன். ஏர்கோன் ஜில்லென்று இருந்தது.

"என்ன, கீழ வந்துட்ட?"

"எண்ணெய் வீணாகுதுன்னு எனக்கு ரிப்போர்ட் வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தேன். தூண்களுக்கு அந்தப் பக்கம், லிஃப்டும் வேனும் தெரிந்தன.

"லெட்சுமி அக்கா மேல போவட்டும்னு பாக்குறேன்" என்றார்.

"ஏன்? ஏதும் சண்டையா?"

"சண்டைன்னா பரவாயில்லையே."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய லைனை மூடுகிறார்கள். வேலை வேறு நாட்டுக்குப் போகிறது. பதினொரு பேரை நிறுத்த வேண்டும். யார் யார் என்று சூப்பர்வைசர்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"குடுத்துட்டேன்" என்றார்.

"லெட்சுமி அக்கா பேரும் இருக்கா?"

"மொத பேரே அவங்களோடதுதான். இருபத்திரண்டு வருஷமா ஒரே மெஷின். மத்தவங்கள அங்க இங்க மாத்திடலாம். அவங்கள எங்கன்னு மாத்துறது? அடுத்த மாசக் கடைசியில லெட்டர் குடுப்பாங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்க."

"அப்ப ஃபேக்டரியில எப்படி அவங்க முன்னால நிக்கிறீங்க?"

"அங்க எல்லாருக்கும் மாஸ்க், தொப்பி. கண்ணு மட்டும்தான் தெரியும். சமாளிச்சிடலாம். இங்க லிஃப்ட்ல முகத்துக்கு முகம் பாக்கணும்ல? 'என்னா தம்பி, சாப்டிங்களா'ன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

எனக்குப் பகீரென்றது. அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள்தான் லெட்சுமி அக்கா அதே வேன் பக்கத்தில் நின்று என்னிடம் சொல்லியிருந்தார். பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. துணி துவைக்கிற பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை. தெரிந்தவர் மூலமாக வந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "வேணாம்னு சொல்லப்போறேன் ஸ்டெல்லா. ஃபேக்டரியிலயே ரிட்டையர் ஆயிட்டுப் போறேன். உன் வீட்டுக்காரரு இருக்கிறவரைக்கும் எனக்கென்ன கவலை?" என்று சிரித்தார்.

அதை அப்படியே சேவியரிடம் சொன்னேன். கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "சனிக்கிழமைக்குள்ளயா?"

"ஆமா. நான் போய்ச் சொல்லிடவா?"

"வேணாம்." உடனே சொன்னார். "நீ சொன்னா அது வெறும் பேச்சு. பேரைக் குடுத்தவன் நான். நான்தான் சொல்லணும்."

"உங்க வேலை போயிட்டா?"

எங்கள் மகன் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"தெரியல லா" என்றார். 

'சொல்லாதீங்க' என்று ஒரு வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

லெட்சுமி அக்கா இரண்டு கையிலும் பைகளோடு லிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். சேவியர் வேகமாக நடந்து போய் உள்ளே நுழைந்துகொண்டார். கதவு மூடியது. நான் வேனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். எனக்காக எடுத்து வைத்திருந்த கத்தரிக்காயை வாங்கிக்கொண்டேன்.

லிஃப்டுக்குள் நடந்ததை அவர் பிறகு சொன்னார். ஆறாவது மாடிவரை ஒரு சீனத் தாத்தாவும் கூட வந்திருக்கிறார். அதனால் அதுவரை பேச முடியவில்லை. ஆறிலிருந்து ஒன்பதுக்குள் சொல்ல வேண்டும்.

"அக்கா, அந்த ஆஸ்பத்திரி வேலைய விட்றாதீங்க."

"ஏன் தம்பி?"

அதற்குள் ஒன்பதாவது மாடி வந்து கதவு திறந்தது. லெட்சுமி அக்கா இறங்கவில்லை. கதவு மூடாமல் இருக்க ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்திருக்கிறார்.

"ஆள் கொறைக்கிறாங்களா? லிஸ்ட்ல என் பேரு இருக்கா?"

"இருக்கு அக்கா."

"யாரு போட்டா?"

இந்த இடத்தில் 'மேலிடம்' என்று சொல்லியிருக்கலாம். 'ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க' என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நான்தான் அக்கா" என்றிருக்கிறார்.

லெட்சுமி அக்கா வெளியே இறங்கிவிட்டார். கதவு மூடிவிட்டது. அன்றைக்குச் சேவியர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அவரே தன் மேனேஜரிடம் போய், ஒருவரிடம் சொல்லிவிட்டேன் என்று சொன்னார். யாரிடம் என்றும் சொன்னார், ஏன் என்றும் சொன்னார். மேனேஜர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, திரும்பக் கழற்றினாராம். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை. ஆனால், விஷயம் இனிமேல் உள்ளே நிற்காது என்று, அடுத்த மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அடுத்த வாரமே மற்றப் பத்துப் பேருக்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பத்தில் இரண்டு பேர் சேவியரிடம் வந்து நன்றி சொன்னார்கள். ஒருவர் கண்டபடி திட்டினார்.

லெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். இதை வேன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களோடுதான் அவர் பேசுவதில்லையே! நான் கத்தரிக்காயை எடுத்தால் அவர் முருங்கைக்காய்ப் பக்கம் போய்விடுவார்.

சேவியர் அதற்குப் பிறகு காரில் உட்காரவில்லை. வந்ததும் இறங்குவார். லெட்சுமி அக்கா நின்றால் அவரோடுதான் லிஃப்டில் ஏறுவார். ஒன்பது மாடி. ஒரு பேச்சு கிடையாது. "கஷ்டமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "கஷ்டம்தான். ஆனா காடிக்குள்ள உக்காந்திருந்ததுக்கு இது பரவாயில்ல" என்றார். கோப்பியைக் குடித்தார். அன்றைக்கு நாங்கள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், மகனைப் பற்றி, கழன்று விழுகிற குளியலறைக் குழாயைப் பற்றி, எல்லாவற்றையும் பற்றி.

மாதம் முடிந்து கறுப்புப் பெட்டியைக் கழற்றுகிற நாளில் அதே எண்ணெய் நிலையத்தில் மறுபடியும் கறிபாப். நின்றபடி இன்ஜினை ஓட விடுவதை அதிகமாகக் குறைத்தவர் என்று சேவியருக்கு டயர் காற்றை அளக்கிற ஒரு கருவியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ரொஹானி மைக்கை நீட்டி, "எப்படிக் குறைச்சீங்க? மற்றவங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

சேவியர் யோசித்தார். "வீடு வந்ததும் இறங்கிட்டேன்" என்றார் மலாயில்.

எல்லோரும் சிரித்தார்கள். ரொஹானி அதைப் பலகையில்கூட எழுதிப்போட்டார். நல்ல பெண். எண்ணெய்க் கம்பெனி மிச்சம் பிடித்துக் கொடுத்தது எத்தனை லிட்டர் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. அந்தச் சிவப்பு வரி வராமல் இருந்திருந்தால், நான் இன்னமும் பாலத்தைத் திட்டிக்கொண்டு கோப்பி கலக்கிக்கொண்டிருப்பேன்.

இதை எழுதலாமா? சேவியர் சரி என்றார். மேனேஜருக்கே தெரிந்த விஷயம்தானே என்றார். ஆனால் கேட்க வேண்டியவர் இன்னொருவர் இருக்கிறாரே! முந்தாநாள் சாயங்காலம் மனசைத் தேற்றிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

லெட்சுமி அக்கா ஆஸ்பத்திரி சீருடையில் இருந்தார். இளநீலம். நன்றாகவே இருந்தது. உள்ளே கூப்பிடவில்லை, கதவையும் மூடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட், சிவப்புப் புள்ளி, அக்கா மேலே போகிறவரை சேவியர் காரிலேயே உட்கார்ந்திருந்தது. அது அவருக்கு அதுவரை தெரியாது. பொறுமையாகக் கேட்டார்.

"நாப்பது நிமிஷமா? தெனமும்?"

"ஆமா அக்கா."

"ஏர்கோன் போட்டுக்கிட்டா?"

"ஆமா."

"நல்லா இருக்கே! நான் இங்க வேர்த்து ஊத்திக்கிட்டு உனக்குக் கத்தரிக்கா பொறுக்கிக்கிட்டிருந்தேன். உன் வீட்டுக்காரரு ஏர்கோன்ல உக்காந்து என்னப் பத்திக் கவலப்பட்டுக்கிட்டிருந்தாரா?"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எழுது. பேர மட்டும் மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன்.

திரும்பி லிஃப்ட் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா! என் கோவம் போயிடுச்சுன்னு மட்டும் எழுதிடாத. இன்னும் கொஞ்சம் இருக்கு."